ஆர்மை மாற்றலாமா?

வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் இருப்பதைப் பார்த்தால் வருகிறவர்கள் கேட்பது, “இன்னும் ஓடுதா?” என்பதைத்தான். தானும் ஒரு பிளேயர் வைத்திருப்பவர் வந்தால் கேள்வி மாறிவிடும்: “ஆர்ம் ஒரிஜினலா? மாத்தலையா?” ஊசியைத் தாங்கிக்கொண்டு தட்டின் மேல் நகர்கிறதே, அந்தக் கைதான் ஆர்ம். இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் வெகுநாள் பதில் இல்லை. ஒரு கட்டத்தில் மாற்றியே தீருவது என்று பணத்தையும் எடுத்து வைத்தேன். மாற்றவில்லை. மாமாவின் நினைவாக அப்படியே வைத்திருக்கிறேன் என்று உறவுக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மாமா உயிரோடு இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார். அவர் பழசு என்பதற்காக எதையும் வைத்துக்கொண்டவர் அல்ல; கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்கிறவர். நானும் கணக்குப் போட்டுத்தான் விட்டேன்.

பிளேயர், தோரன்ஸ் டிடி 160. தோரன்ஸ் சுவிட்சர்லாந்து நிறுவனம் என்றாலும், எழுபதுகளில் அதன் பிளேயர்கள் மேற்கு ஜெர்மனியில், கருங்காட்டின் ஓரத்தில் உள்ள லார் என்ற ஊரில் தயாராயின. அது நெய்வேலி வரை வந்ததில் ஆச்சரியமில்லை. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கட்டடம்போல் நிற்கும் பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மனியில் இருந்து வந்தவை. என் மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர், சுரங்கத்தில் இன்ஜினியர். பயிற்சிக்காக அங்கே அனுப்பப்பட்டு 1975-இல் திரும்பியபோது, கூடப் போனவர்கள் கேமராவும் கைக்கடிகாரமுமாக இறங்கினார்கள். மாமா ஒரே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

டவுன்ஷிப் வீட்டின் முன்னறையில் அதற்கென்று ஒரு தேக்கு மேசை. பிளேயரில் ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டு: உள்ளே சின்னது, அதைச் சுற்றி ரப்பர் பெல்ட், அதன் மேல் பெரியது. இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். தட்டும் ஆர்மும் ஒரே சட்டத்தில் பொருந்தியிருக்க, அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது. மோட்டார் மட்டும் அந்தச் சட்டத்தில் சேராமல் தனியே. மோட்டாரின் அதிர்வும், நாங்கள் குதித்துக் கும்மாளம் போடும் அதிர்வும் ஊசிக்குப் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. தட்டின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தி விட்டால் அது மேலும் கீழும் ஆடும். அதற்காகவே அழுத்திப் பார்த்து மாமாவிடம் அடி வாங்கியிருக்கிறோம்.

அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் சுருதியைப் பற்றியது. காலையில் போட்ட எம்.எஸ். தட்டை இரவு எட்டு மணிக்குப் போட்டால் குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். பாட்டு கற்றுக்கொண்டிருந்த அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். பிளேயர் கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரும் பயந்தபோது மாமா சிரித்தார். “பிளேயருக்கு ஒண்ணுமில்ல. கிரிட்டுல லோடு ஏறியிருக்கு” என்றார். இந்த வகை மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. 50 சைக்கிளில் நிமிடத்துக்கு 375 சுற்று. அன்றைய தென்மண்டல கிரிட்டில் பற்றாக்குறை மாலைகளில் அலைவெண் 48-ஐ ஒட்டி இறங்கிவிடும். அப்போது மோட்டார் 360 சுற்றுதான் சுற்றும். தட்டு 33⅓ சுற்றுக்குப் பதில் 32. பாடுகிறவரின் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிடும். ஊருக்கே மின்சாரம் அனுப்பும் நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு, அந்த மின்சாரத்தின் தட்டுப்பாட்டை எம்.எஸ். குரலில் கேட்டோம். 2003-இல் மின்சாரத்துக்கான விலைமுறை மாறிய பிறகு அலைவெண் ஒழுங்குக்கு வந்தது. 2013-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தென்மண்டலம் தேசிய கிரிட்டோடு சேர்ந்தது. இன்று சுருதி நகர்வதில்லை.

காதில் விழும் குறைக்கும் கண்ணில் படும் பாகத்துக்கும் சம்பந்தம் இருக்கவேண்டியதில்லை என்பது அன்றே எனக்குத் தெரிந்துபோனது. பின்னால் அது உதவியது.

மாமா போன பிறகு அத்தை, “உனக்குத்தாம்பா சின்ன வயசுலேர்ந்து இது மேல கண்ணு. நீயே எடுத்துக்கோ” என்றார். இரண்டு அட்டைப் பெட்டி நிறையத் தட்டுகளும் கூடவே சென்னைக்கு வந்தன. அறுபதுகளில் வந்த எச்எம்வி கர்நாடக இசைத்தட்டுகள், எம்.எஸ். 1963-இல் பாடி வெளியான வேங்கடேச சுப்ரபாதம். 45 சுற்றில் ஓடும் சினிமாப் பாட்டுத் தட்டுகள். நான் வாங்கிச் சேர்த்த எக்கோ தட்டுகள், அவற்றில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ ஒன்று. மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன் மாமா அங்கே பொறுக்கியவையும் சில உண்டு. நெய்வேலி வெயிலில் பீரோ மேல் கிடந்ததில் பாதித் தட்டுகள் லேசாக வளைந்திருந்தன.

போட்டுக் கேட்டபோது இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று, தட்டின் ஓரத்தில் சுத்தமாகக் கேட்கும் பாட்டு நடுவை நெருங்க நெருங்கக் கரகரத்தது. ‘ச’ வரும் இடமெல்லாம் ‘ஷ்ஷ்’ என்று கிழிந்தது. கர்நாடக இசைத்தட்டில் இது பெரிய கொடுமை. ஆலாபனை, பல்லவி, அனுபல்லவி என்று நிதானமாகப் போய், கல்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் சூடு பிடிப்பது பக்கத்தின் கடைசியில்தான். இரண்டு, ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், வளைந்த தட்டு ஓடும்போது பெரிய கூம்பு ‘புஸ் புஸ்’ என்று முன்னும் பின்னும் போய்வந்தது. பாட்டுக்கும் அந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பாட்டுக்கு இடையிலான மௌனத்திலும் அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ஆர்மை மாற்று. தோரன்ஸின் தட்டும் பேரிங்கும் தங்கம். அதோடு வந்த டிபி 16 ஆர்ம்தான் சுமார். ரேகா ஆர்பி 300 போடு, இல்லையென்றால் எஸ்எம்இ போடு. இதைச் சொன்னவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல.

எஸ்எம்இ-யின் கதை எனக்குப் பிடித்த கதை. அலஸ்டர் ராபர்ட்சன்-ஐக்மன் என்ற ஆங்கிலேயர் 1946-இல் சிறிய மாதிரி இயந்திரங்கள் செய்ய ஒரு பட்டறை தொடங்கினார். தன் வீட்டுப் பிளேயருக்காக ஓர் ஆர்ம் செய்துகொண்டார். பார்த்தவர்கள் எனக்கும் உனக்கும் என்று கேட்க, 1959-இல் அதுவே வியாபாரமானது. 3009 என்றால் ஒன்பது அங்குலம், 3012 என்றால் பன்னிரண்டு. ரேகாவின் ஆர்பி 300 வந்தது 1983-இல். ஊசித் தலையிலிருந்து பின்னால் பேரிங் வரை ஒரே வார்ப்பு அலுமினியம். நடுவில் மூட்டே கிடையாது. மூட்டு இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை. அந்த விலைக்கு அப்படி ஒரு பொருளை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் சந்தையும் சுருங்கிக்கொண்டிருந்தது. 2019 முடிவில் எஸ்எம்இ ஆர்ம்களைத் தனியாக விற்பதை நிறுத்தியது. பல பெரிய பெயர்களுக்குப் பின்னால் இருந்து ஆர்ம் செய்துகொடுத்த ஜப்பானிய ஜெல்கோ, 2020-இல் கடையை மூடியது. பழைய எஸ்எம்இ விலை ஏறியது. இப்போது வாங்காவிட்டால் எப்போதும் இல்லை என்ற பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்தப் பதற்றத்தில்தான் பணம் எடுத்து வைத்தேன்.

ஒரிஜினல் ஆர்மைக் கழற்றுவது பாவம் என்ற எண்ணம் எனக்கு இல்லை. தோரன்ஸ்காரர்களே இந்தப் பிளேயரை ஆர்ம் இல்லாமலும் விற்றார்கள். வாங்குகிறவர் தன் விருப்பத்துக்கு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். ஆர்ம் உட்கார்ந்திருக்கும் பலகையும் தனியாகக் கழலும். புதிய ஆர்முக்கு வேறு துளையோடு ஒரு பலகை செய்து, பழைய ஆர்மை அதன் பலகையோடு எடுத்துப் பத்திரப்படுத்தினால் போதும். என் தெரு ஆசாரி அரை நாளில் தேக்கில் ஒரு பலகை இழைத்தும் கொடுத்துவிட்டார். திரும்பிவர வழியுள்ள காரியம் என்பதால் அந்தப் பக்கத்தில் தயக்கம் இல்லை.

தயக்கம் வந்தது ரிச்சி தெருவில். அங்கே பழைய ஆம்ப்ளிஃபயர்களும் பிளேயர்களும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். வயதானவர். பிளேயரை மேசையில் வைத்ததும் ஆர்மைத் தொடவில்லை. முதலில் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து ஊசியைப் பார்த்தார். பிறகு பின்பக்க எடையைத் திருகித் திருகி, ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். அப்படி நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் இருந்து மெல்ல ஊதினார். ஆர்ம் தட்டின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மறுபடி மேலிருந்து ஊதினார். இந்த முறை கொஞ்சம் இறங்கி, தயங்கி, பாதியில் நின்றுவிட்டது.

“சார், பேரிங் நல்லாதான் இருக்கு. ஒயருதான் புடிக்குது” என்றார். ஆர்முக்குள் ஓடும் முடிபோன்ற நான்கு கம்பிகள் அடித்தண்டு வழியாகக் கீழே இறங்குகின்றன. ஐம்பது வருடத்தில் அவற்றின் உறை விறைத்துப்போய், ஆர்ம் மேலும் கீழும் போகும்போது பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது.

“அப்போ ஆர்மை மாத்த வேணாமா?”

“மாத்தணும்னா மாத்திக்கலாம் சார். ஆனா ஊசிய பாருங்க.” பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். உருண்டையாக இருக்கவேண்டிய வைரமுனையின் இரு பக்கமும் சீவியதுபோல் தட்டையாக இருந்தன. “இத வெச்சுக்கிட்டு எந்த ஆர்ம் போட்டாலும் இதே சத்தம்தான்.”

கம்பிகளை மாற்றி, அடிப்பலகையைக் கழற்றி மூன்று ஸ்பிரிங்குகளின் நட்டுகளையும் திருத்தி, புது பெல்ட் போட்டுக் கொடுத்தார். தட்டை அழுத்தி விட்டால் இப்போது பக்கவாட்டில் கோணாமல் நேராக மேலும் கீழும் ஆடியது. ஊசிக்கு என்ன செய்வது என்பது என் பாடு. ஊசி உட்கார்ந்திருக்கும் சின்னக் கூடான கார்ட்ரிட்ஜ், மாமா காலத்துக்குப் பிறகு யாரோ மாட்டிவிட்டது. எழுபதுகளின் பாணியில் ஊசித்தண்டு மிக மென்மையானது. அதற்கு அசல் ஊசி இப்போது வருவதில்லை.

அண்ணா நகர் நண்பர் ஒருவரிடமும் டிடி 160 இருக்கிறது. அவர் முன்பே ரேகா ஆர்மைப் போட்டிருந்தார். என் பிளேயரை அவர் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன். ஒரே தட்டு, ஒரே ஆம்ப், ஒரே ஸ்பீக்கர். அவருடையது தெளிவாக முந்தியது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தன. தம்புரா எங்கே முடிகிறது, வயலின் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் காட்டலாம். அன்று அங்கேயே முடிவெடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் அவருடைய ஆர்மில் இருந்தது ஆர்டோஃபான் 2எம் ரெட், புது ஊசி. என்னுடையதில் தேய்ந்த ஊசி. நாங்கள் கேட்டது ஆர்மின் வித்தியாசத்தையா, ஊசியின் வித்தியாசத்தையா? அவருடைய கார்ட்ரிட்ஜைக் கழற்றி என் ஆர்மில் மாட்டினோம்.

பாட்டின் தெளிவு பெருமளவு இந்தப் பக்கம் வந்துவிட்டது. கரகரப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் வளைந்த தட்டைப் போட்டதும் ஸ்பீக்கர் கூம்பு மறுபடி மூச்சு வாங்கியது. அதே கார்ட்ரிட்ஜ் ரேகாவில் இருந்தபோது அப்படி இல்லை.

இங்கேதான் ஜாதகம் பார்க்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையை மட்டும் பார்த்துப் பொருத்தம் சொல்ல முடியாது. ஆர்மை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்லவும் முடியாது. ஊசித்தண்டு கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு துளி ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ரப்பர் ஒரு ஸ்பிரிங். அதன் மேல் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த எடை. எந்த ஸ்பிரிங்கையும் எடையையும் போல இந்த ஜோடிக்கும் தனக்கென்று ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் எளிது: ஊசி உணரும் மொத்த எடையை கிராமில் எடுத்து, கார்ட்ரிட்ஜ் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கம்ப்ளையன்ஸ் எண்ணால், அதாவது ரப்பரின் நெகிழ்வால், பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159-ஐ அதனால் வகுத்தால் வருவது ஹெர்ட்ஸ். விடை 8-இலிருந்து 12-க்குள் இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஆர்ம் ஆட ஆரம்பிக்கும். மேலே போனால் இசையின் அடித்தளத்தில் கைவைக்கும்.

டிபி 16 கனமான ஆர்ம். ஊசி உணரும் எடை 16.5 கிராம். பழைய கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு 30-ஐ ஒட்டியது. கணக்கு 6 ஹெர்ட்ஸில் வந்து நின்றது. 2எம் ரெட்டுக்கு நெகிழ்வு 20, எடை 7.2 கிராம், திருகாணியும் சேர்த்தால் என் ஆர்மில் 7-க்குச் சற்று மேல். ரேகாவின் எடை 11 கிராம்தான். அதே கார்ட்ரிட்ஜ் அங்கே 8-ஐத் தாண்டியது. ஸ்பீக்கர் கூம்பு சொன்னதையே காகிதமும் சொன்னது. ஆர்ம் பழசானதற்கும் அந்த ஆட்டத்துக்கும் தொடர்பில்லை. மாமா வாங்கிய புதிதில் இந்த ஜோடியைச் சேர்த்திருந்தாலும் இப்படித்தான் ஆடியிருக்கும்.

அப்படியானால் கனமான கைக்கு விறைப்பான ஊசி வேண்டும். அதற்குத் தேடி அலையவேண்டியதில்லை. டெனான் டிஎல் 103 இருக்கிறது. ஜப்பானின் வானொலி நிறுவனமான என்எச்கே-யின் ஒலிபரப்புக்காக அறுபதுகளின் தொடக்கத்தில் உருவாக்கியது, இன்றும் செய்கிறார்கள். எடை 8.5 கிராம். நெகிழ்வு 5 என்று போட்டிருக்கும், ஆனால் அது ஜப்பானிய வழக்கப்படி 100 ஹெர்ட்ஸில் அளந்தது. மற்றவர்கள் அளக்கும் 10 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கணக்குப் போட்டால் என் ஆர்மில் சரியாக 10 ஹெர்ட்ஸ். அதன் ஊசி தட்டை இரண்டரை கிராம் எடையோடு அழுத்தும், வெளியீடு 0.3 மில்லிவோல்ட்தான் என்பதால் ஆம்ப்புக்கு முன்னால் இன்னொரு பெட்டியும் வேண்டும். அதற்கும் ஆர்முக்காக எடுத்து வைத்த பணத்தில் இடம் இருந்தது. மாட்டினேன். வளைந்த தட்டுகளிலும் கூம்பு அடங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது பக்கத்தின் கடைசிக் கரகரப்பு. அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவதை எந்த ஆர்மாலும் தீர்க்க முடியாது. தட்டு எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது; ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 50 சென்டிமீட்டருக்கு மேல் பள்ளம் ஓடுகிறது, உள்ளே போகும்போது அது 20 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே ஸ்வரங்களை அரைக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது காரணம் கோணம். மூலத்தட்டை வெட்டும் கருவி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் போகிறது. ஆர்மோ ஒரு முளையில் சுழன்று வில்லாகப் போகிறது. ஆகவே ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்பது இரண்டே இடங்களில்தான். மற்ற இடமெல்லாம் கொஞ்சம் கோணல்.

அந்த இரண்டு இடங்கள் எவை என்பது நம் கையில் இருக்கிறது. 1924-இலேயே பெர்சி வில்சன் இதற்குக் கணக்குப் போட்டார். 1941-இல் பேர்வால்ட் தந்த கணக்குதான் இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது. அதன்படி நடுவிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121-ஐ ஒட்டிய இடத்திலும் ஊசி நேராக நிற்கும். 1966-இல் ஸ்டீவன்சன் வேறு விதமாக வகுத்தார்: உள்ளே உள்ள புள்ளியை 60.3 மில்லிமீட்டருக்கு, அதாவது தட்டு முடியும் இடத்துக்கே, தள்ளிவிட்டார். நடுவில் கொஞ்சம் கோணல் கூடும்; முடிவில் கோணல் கிடையாது. மேற்கத்திய சிம்பொனியின் உச்சமும் பக்கத்தின் கடைசியில்தான் வரும். நம் தனி ஆவர்த்தனமும் அப்படியே. எனக்கு வேண்டியது ஸ்டீவன்சன்தான்.

என் பிளேயரில் கார்ட்ரிட்ஜ் இந்த இரண்டு கணக்குக்குமே பொருந்தாமல் எக்கச்சக்கமாக உட்கார்ந்திருந்தது. கணினியில் அளவு பார்த்து ஒரு தாளில் அச்சிட்டு, நடுத்தண்டில் செருகி, அதில் இருந்த கோடுகளுக்கு நேராக வரும்வரை கார்ட்ரிட்ஜை முன்னே பின்னே தள்ளி லேசாகத் திருப்பினேன். ஊசியின் முனை புள்ளியில் விழுவதைப் பார்க்க ஒரு டார்ச், மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பொறுமை, ஒரு சின்ன திருப்புளி. இதற்குச் செலவு ஒரு தாள். முடித்துவிட்டுத் தனி ஆவர்த்தனம் உள்ள தட்டுகளாகத் தேடிப் போட்டேன். மோரா, கோர்வை எல்லாம் முடிந்து கைதட்டல் வரை சுத்தமாக வந்தது. தேய்ந்த ஊசியால் ஏற்கனவே அரைபட்ட சில தட்டுகள் மட்டும் கரகரத்தன. அந்தக் காயம் தட்டிலேயே இருக்கிறது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவுக்குப் பிறகு மறுபடியும் நண்பர் வீட்டுக்குப் போனேன். இப்போது இரண்டுமே அவரவர் பொருத்தத்தோடு. ரேகா இன்னும் ஒரு படி மேல்தான். வயலினின் ஓரங்கள் கொஞ்சம் கூர்மை. ஓசையின் பின்னால் உள்ள மௌனம் கொஞ்சம் ஆழம். அதை மறைத்துப் பேசமாட்டேன். ஆனால் முதல்நாள் கேட்ட இடைவெளியில் இப்போது மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். அதற்காக எதை இழப்பேன் என்று கணக்குப் பார்த்தேன்.

ரேகாவின் தலை கழலாது. ஒரே வார்ப்பு என்ற அதன் பலமே அதற்குக் காரணம். கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டுமென்றால் இடுக்கியால் நான்கு கம்பிகளைப் பிடுங்கிச் செருகி, மறுபடி தாளை வைத்து நேர்பார்க்க வேண்டும். நண்பர் வீட்டில் அன்று மதியம் முழுக்க அதில்தான் போயிற்று. டிபி 16-இன் தலையோ திருகினால் கையோடு வரும். எனக்கு அது ஏன் முக்கியம் என்றால், மாமாவின் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. ஸ்டீரியோ ஊசி பக்கவாட்டு அசைவையும் படிக்கும், மேல்கீழ் அசைவையும் படிக்கும். மோனோ தட்டில் இசை பக்கவாட்டில் மட்டும்தான் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் இருப்பதெல்லாம் தூசியும் கீறலும். மோனோ கார்ட்ரிட்ஜ் அதைக் கண்டுகொள்வதில்லை. இன்னொரு தலையில் ஒரு மோனோ கார்ட்ரிட்ஜை மாட்டி வைத்திருக்கிறேன். பழைய சினிமாப் பாட்டுத் தட்டை முதலில் ஸ்டீரியோ ஊசியில் கேட்டுவிட்டு, தலையை மாற்றிப் போட்டால், அடுப்பில் எண்ணெய் பொரிவதுபோன்ற அந்தச் சத்தம் பாதிக்கு மேல் போய்விடுகிறது. குரல் முன்னால் வந்து நிற்கிறது. என் அலமாரியைப் பொறுத்தவரை இந்த லாபம் ரேகா தரும் லாபத்தைவிடப் பெரியது. நண்பரின் அலமாரியில் இருப்பது எல்லாம் ஸ்டீரியோ ஜாஸும் புதிய மறுபதிப்புகளும். அவர் மாற்றியது அவருக்குச் சரி.

ஆகவே இப்போது யாராவது “ஆர்மை மாத்தலாமா?” என்று என்னிடம் கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை. என்ன கார்ட்ரிட்ஜ், ஊசி மாற்றி எவ்வளவு நாளாகிறது, தாளை வைத்து நேர்பார்த்ததுண்டா, வாங்கிக் கேட்பது என்ன தட்டுகள் என்று வரிசையாகக் கேட்கிறேன். பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே ஊசி வாங்கப் போய்விடுகிறார்கள். மீதிப் பேரில் சிலருக்கு மாற்றத்தான் வேண்டும். தயங்காமல் மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். என் ஆர்மை வருஷத்துக்கு ஒரு முறை அந்தரத்தில் நிறுத்தி ஊதிப் பார்க்கிறேன். பேரிங் தயங்க ஆரம்பித்தால் அதையும் மாற்றிவிடுவேன். மாமாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.